சொப்பு மூலையில் வாயைப் பொத்தச் சொல்லாதீர்கள்

சேலம் நகரத்திலும் ஏற்காடு அடிவாரத்திலும் மழலையர் வகுப்புகள் நடத்தும் பள்ளியின் நிர்வாகத்தாருக்கு,

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் ஆசிரியைகளுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தது. அதில் ஐந்து உத்தரவுகள். விளையாட்டு நேரம் 50 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகக் குறைகிறது. அந்த 15 நிமிடமும் 'பேசாமல் விளையாடும் நேரம்'. வாய் திறக்காத பிள்ளைக்கு அட்டவணையில் நட்சத்திரம். தனக்குத்தானே பேசுகிற பிள்ளையின் டைரியில் 'தனியாகப் பேசுகிறார், மருத்துவரிடம் காட்டவும்' என்று எழுத வேண்டும். பிள்ளைகள் சொப்புச் சாமான் வைத்து விளையாடும் சொப்பு மூலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய டி.வி. வரும்.

நாங்கள் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள். மழலையர் ஆசிரியைகள், ஆயாம்மாக்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், உங்கள் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் சிலர். ஐந்து உத்தரவுகளையும் ஏற்க முடியாது என்று சொல்லவே இந்த மடல். அதற்கான காரணங்களை வகுப்பறையில் அன்றாடம் நடப்பதிலிருந்து சொல்கிறோம்.

சுற்றறிக்கை 'தொந்தரவு' என்று குறிப்பிடும் அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று சொப்பு வைத்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. 'அரிசி களையணும்... ஊத்து ஊத்து... போதும். அடுப்பு பத்த வெச்சாச்சு. ஸ்ஸ்ஸ்... ஒண்ணு. ஸ்ஸ்ஸ்... ரெண்டு. மூணு விசில் வந்தாத்தான் எறக்கணும். ஐயோ சுடும், துணி எங்க, துணி... ம், இந்தா சாமி, ஊதி ஊதிச் சாப்புடு. உப்பு பத்தலையா? இரு, போடறேன்.' இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. அதற்குள் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காரியத்தின் படிகளை வரிசை மாறாமல் நினைவில் கொண்டுவந்தது. மூன்று வரை எண்ணி, மூன்றாவதுக்காகக் காத்திருந்தது. சுடும் என்று தன்னைத்தானே எச்சரித்து, கையை நிறுத்தி, துணி தேடியது. கடைசியில் எதிரில் ஒரு பொம்மைப் பிள்ளையை உட்கார வைத்து, அதன் வாயிலிருந்து வராத புகாருக்குப் பதிலும் சொன்னது. இதையெல்லாம் அந்தப் பிள்ளை மனதுக்குள் செய்ய முடியாதா என்று கேட்டால், இன்னும் முடியாது. அந்த வயதில் யோசனைக்கு வாய்தான் இடம்.

உங்கள் ஆசிரியைகள் பட்டயப் படிப்பில் படித்த இரண்டு பெயர்களை இங்கே நினைவுபடுத்துகிறோம். ஜெனீவாவில் பியாஜே என்ற உளவியலாளர் 6 வயதுப் பையன்கள் இருவரின் பேச்சை ஏறக்குறைய ஒரு மாதம் எழுதியெடுத்து 1923-இல் வெளியிட்டார். அவர்கள் பேசியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு யாரையும் நோக்கிப் பேசியதல்ல. பிள்ளை வளர்ந்ததும் உதிர்ந்துபோகும் முதிராத பேச்சு இது என்று அவர் நினைத்தார். ரஷ்யாவில் வைகோட்ஸ்கி என்ற உளவியலாளர் அதை மறுத்தார். அவர் 1934-இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். இந்த ஆராய்ச்சி அதே ஆண்டு அச்சில் வந்தது. பிள்ளைகள் படம் வரையும்போது வேண்டுமென்றே ஒரு தடங்கல் வைத்தார்: தேவைப்படும் வண்ணப் பென்சில் இருக்காது, தாள் இருக்காது. தடங்கல் வந்ததும் தனக்குத்தானே பேசும் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. காரியம் கடினமாகும்போது பேச்சு கூடுகிறது என்றால் அது வெற்றுச் சத்தம் இல்லை, காரியத்தோடு சேர்ந்தது. டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்த ஐந்தரை வயதுப் பையனின் பென்சில் முனை உடைந்தது. 'உடைஞ்சுபோச்சு' என்று முணுமுணுத்தான். பென்சிலை வைத்துவிட்டு வாட்டர் கலரை எடுத்து, விபத்தில் உடைந்த டிராமாகவே படத்தை முடித்தான். அவன் சொன்ன ஒரு சொல்தான் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குக் காட்டியது.

இந்தப் பேச்சு உதிர்வதில்லை, உள்ளே போகிறது என்பதுதான் வைகோட்ஸ்கி கண்டது. பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவதைப் பிள்ளை எடுத்துத் தன்னிடமே பேசிக்கொள்கிறது; பிறகு அது குரல் தணிந்து, முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, கடைசியில் சத்தமில்லாத சிந்தனையாகிறது. பள்ளியில் நாம் பார்க்கும் வரிசையும் இதுதான். 2 வயதில் கை முந்தும், வாய் பிந்தும்: 'தொடக்கூடாது' என்று சொல்லிக்கொண்டே தொடும். 3 வயதில் கையும் வாயும் சேர்ந்து போகும். நாலரை, ஐந்தில் வாய் முந்தும்: 'இப்ப சிவப்புக் கட்டை, அப்புறம் பெரிய கட்டை' என்று சொல்லிவிட்டுக் கை போகும். எங்கள் கணக்கில் பேச்சு அதிகமாகக் கேட்பது 4, 5 வயதில். 7 வயதில் பெரும்பாலும் உதடு மட்டும் அசையும். உங்கள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் மிகச் சரியாக இந்த உச்சத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் நட்சத்திர அட்டவணை தொங்குகிறது.

நம் மொழியில் இதைக் கவனிக்க ஒரு தனி வழி இருக்கிறது. 'ஆம்' என்ற சின்ன ஒட்டைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்ப் பிள்ளைகள் பாவனைக்குள் நுழைகிறார்கள். 'நீ கண்டக்டராம். நான் பாட்டியாம். எனக்குக் காலு வலிக்குதாம்.' கேள்விப்பட்டதைச் சொல்ல, 'நேத்து வந்தாராம்' என்று பெரியவர்கள் சேர்க்கும் அதே ஒட்டு, பிள்ளை வாயில் 'நிஜமில்லை, இப்படி வெச்சுக்குவோம்' என்றாகிறது. ஒரு ஊரில் ஒரு ராஜாவாம் என்று கதை கேட்ட காதுதான் இதைப் பிடித்துக்கொள்கிறது. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. வேடத்துக்குள் போனதும் 'ஆம்' உதிர்ந்துவிடும். 'டிக்கெட், டிக்கெட்! அடிவாரம் எறங்கறவங்க யாரு?' என்று கண்டக்டராகவே பேசும். கதை திரும்ப வேண்டிய இடத்தில் மறுபடி 'ஆம்' வரும்: 'இப்ப பஸ்ஸு பஞ்சராயிருச்சாம். எல்லாரும் எறங்கணுமாம்.' தனியாக விளையாடும் பிள்ளையும் இப்படியே பேசும். ஒரு வாயில் இயக்குநர், அதே வாயில் நடிகர். 'ஆம்' எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று ஆசிரியை பத்து நிமிடம் கேட்டாலே போதும், நிஜத்தையும் பாவனையையும் இந்தப் பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இல்லாத ஆளோடு பேசுகிறது என்ற பயத்துக்கு அதுவே பதில்.

இல்லாத ஆள் என்றதும் இன்னொன்று. கற்பனைத் தோழன், தோழி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் நூற்றுக்கு 65 பிள்ளைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் அப்படி ஒரு துணையை வைத்திருந்தார்கள். அந்தத் துணை நிஜமில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தூங்குவதற்கு முன் படுக்கையில் தனியாகப் பேசுவதும் இந்த வகைதான். ரூத் வீர் என்ற மொழியியலாளர் தன் இரண்டரை வயது மகன் தூங்கப் போகும் முன் பேசியதை ஒலிப்பதிவு செய்து 1962-இல் வெளியிட்டார். அந்தப் பையன் சொற்களை மாற்றி மாற்றி வைத்து வாக்கியப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். உங்கள் டைரிக் குறிப்பைப் படித்த பெற்றோர் இப்போது இரவிலும் பிள்ளையின் வாயை அடக்குகிறார்கள்.

அந்த டைரிக் குறிப்பு வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 'தனியாகப் பேசுகிறார்' என்ற வரியை ஒரு மருத்துவர் படிப்பது ஒரு மாதிரி, சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ ஒரு பாட்டி படிப்பது வேறு மாதிரி. காத்து கருப்பு அடித்திருக்கும் என்று மந்திரித்துக் கையில் கயிறு கட்டுகிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. 'வாய மூடு, பைத்தியம்னு சொல்லுவாங்க' என்று பிள்ளை காதுபடச் சொல்கிறார்கள். நான்கு வயதில் தன் யோசனை வெளியே கேட்கிறது என்பதற்காக ஒரு பிள்ளை வெட்கப்படக் கற்றுக்கொள்கிறது. அதற்குக் காரணம் பள்ளி முத்திரையோடு போன ஒரு வரி.

நாங்கள் மருத்துவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது போக வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கிறோம். 16 மாதத்தில் ஒற்றைச் சொல்கூட வராதது. 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காதது. எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது. இரண்டரை வயது தாண்டியும் வெறுங்கையில் டீ குடிப்பது, பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனையே இல்லாதது. எங்கோ கேட்ட ஒரே வசனத்தை நாள் முழுக்க மாற்றமில்லாமல் சொல்வதோடு, மற்றவர்களோடு பேச்சும் பார்வையும் இல்லாதது. அந்த வசனத்திலும் பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது என்பதால் அதைக் கேலி செய்யவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. குரல் ஒன்று தன்னை மிரட்டுகிறது, ஏதோ செய்யச் சொல்கிறது என்று பிள்ளை பயந்து அழுவது. இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை பேச்சும் பாவனையும் இல்லாமல் போவதைச் சொல்கின்றன. உங்கள் டைரியோ பேச்சும் பாவனையும் இருப்பதை நோய் என்று குறிக்கிறது. உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை, பேசாமல் மூலையில் உட்கார்ந்து தினமும் நட்சத்திரம் வாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடும். சுற்றறிக்கையில் எங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

இன்னொரு சிறு செய்தி. மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சளியும் காதுவலியும் அடிக்கடி வருகிறது. காதுக்குள் நீர் கோத்திருந்தால் கேட்பது மந்தமாகும், பேச்சும் தாமதமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதுப் பரிசோதனை. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கென ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன; அங்கே செலவில்லாமல் பார்க்கலாம்.

இனி, 'பேசாமல் விளையாடும் நேரம்' தொடங்கிய பிறகு வகுப்பில் மாறியவை. முதல் வாரத்திலேயே கட்டை அடுக்கும் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள். கோபுரம் சரிந்ததும் 'பெருசு அடியில, சின்னது மேல' என்று சொல்லிக்கொண்டே மறுபடி அடுக்கிய கைகள், இப்போது ஒரு முறை சரிந்ததும் ஆசிரியை முகத்தைப் பார்க்கின்றன. அடிதடி கூடியிருக்கிறது. 'நீ டாக்டராம், நான் நர்ஸாம்' என்று பங்கு பிரித்துக்கொள்ள வாய் வேண்டும். வாய் இல்லாத இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்குவதுதான் நடக்கும். சில பிள்ளைகள் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இந்த மூன்றையும் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் ஒரு நாள் உட்கார்ந்து நீங்களே பார்க்கலாம்.

எழுத்துப் பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்பதால் விளையாட்டைக் குறைத்ததாகச் சொல்கிறீர்கள். எழுதும் பிள்ளையின் வாயைக் கவனியுங்கள். 'ட' எழுதும்போது 'கீழ வா, பக்கத்துல போ' என்று முணுமுணுக்கும். 'ப' எழுதும்போது 'கீழ, பக்கத்துல, மேல'. இந்த மூன்று சொல் கையை நடத்துகிறது. இதைச் சொல்லக்கூடாது என்று தடுத்தால் 'ப' தலைகீழாகும், இல்லை கோடு நடுவில் நின்றுவிடும். சொப்பு மூலையில் 'மூணு விசில்' என்று எண்ணிக் காத்திருக்கப் பழகிய வாய்தான் சிலேட்டின்மேல் இந்த வேலையைச் செய்கிறது. கணக்குப் போடும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த முணுமுணுப்பை லாரா பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்து, அது கற்றலுக்குத் துணை என்றே சொன்னார். எழுத்து வேண்டும் என்றால் முணுமுணுப்பும் வேண்டும்.

நேரக் கணக்கும் தவறு. பாவனை விளையாட்டில் முதல் 10, 15 நிமிடம் சாமான் சேகரிப்பதிலும் யார் யார் என்று பேசிக்கொள்வதிலும் போய்விடும். கதை அதன்பிறகுதான் ஓடத் தொடங்கும். 15 நிமிடத்தில் மணி அடித்தால், சோறு பொங்கும் முன் அடுப்பை அணைத்த மாதிரி. மூன்று நாள் இப்படி அணைத்தால் நான்காம் நாள் பிள்ளைகள் கதையே தொடங்குவதில்லை. சாமான்களை வாரி இறைத்துவிட்டு ஓடுகிறார்கள். 'விளையாட விட்டால் ஓடி ஆடிக் கலவரம் செய்கிறார்கள்' என்று நீங்கள் காட்டும் படக்காட்சி இப்படிப்பட்ட 15 நிமிடத்தில் எடுத்ததுதான்.

சத்தம்தான் பிரச்சினை என்றால் அதற்கு வழி இருக்கிறது. பிள்ளை தனக்குத்தானே பேசும் தன்பேச்சு பெரும்பாலும் தாழ்ந்த குரல். நாலடி தள்ளி நின்றால் வார்த்தை புரியாது. உங்கள் வகுப்பறைகளில் இரைச்சலாகக் கேட்பது தகரக் கூரையிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலி. தரையில் கோரைப்பாய் அல்லது ஜமுக்காளம் விரியுங்கள், இரண்டு சுவரில் பழைய கெட்டிப் போர்வை தொங்கவிடுங்கள், நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். சத்தம் அடங்கும். கட்டை விளையாட்டையும் சொப்பு விளையாட்டையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள்.

டி.வி. விஷயத்தில் சுற்றிவளைக்காமல் சொல்கிறோம்: வைக்காதீர்கள். பிள்ளை பார்க்காவிட்டாலும் பின்னணியில் ஓடும் டி.வி. விளையாட்டைத் துண்டுதுண்டாக்குகிறது. அமெரிக்காவில் 1, 2, 3 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில் இது தெரிந்தது. பாட்டு போட்டால் பிள்ளைகள் 'ஆக்டிவ்' ஆகிறார்கள் என்கிறீர்கள். பாட்டுக்குக் கை தட்டுவார்கள், உண்மை. தன் வாயால் தனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ள முடியாது, ஏனென்றால் காது நிறைந்திருக்கிறது.

சொப்பு மூலைக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம், செலவு பெரிது என்று யாரும் சொல்லாதபடி. ஆறடிக்கு ஆறடி இடம், ஒரே நேரத்தில் 4 அல்லது 5 பிள்ளைகள். தரையிலிருந்து 2 அடிக்கு மேல் போகாத அலமாரி, பிள்ளையே எடுத்து வைக்கும்படி. மரச் சொப்பு ஒரு செட். கொட்டாங்குச்சி பத்து, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கியது. சின்ன முறம், மூங்கில் கூடை, பழைய துண்டு நான்கு. துண்டு ஒன்றே சேலை, தொட்டில், முண்டாசு, பஸ்ஸின் கதவு என்று ஆகும். அதனால் பொம்மையைவிடத் துண்டுகள் கூடுதலாக வேண்டும். பிள்ளை உட்காரும் அளவுக்கு அட்டைப் பெட்டி இரண்டு. ஓடாத பழைய போன் இரண்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு. கரண்டியும் போனும் எப்போதும் இரட்டையாக இருக்க வேண்டும். சண்டையில் பாதி இந்த இரண்டுக்குத்தான். 3 செ.மீ.-க்குக் குறைந்த எதுவும் சின்ன வகுப்பில் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். புளியங்கொட்டை 5 வயதுக்கு மேல், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பட்டன் பேட்டரி இருக்கும் பொம்மை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

மூலையை வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவதாகச் சொல்லி எல்லாவற்றையும் கலைத்துவிடும் வழக்கமும் சில கிளைகளில் இருக்கிறது. கலைக்க வேண்டாம், ஒன்றிரண்டு சேர்த்தால் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஏற்காடு பஸ் ஓட்டுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து எண்ணுகிறார்கள், நடுவில் ஒருவர் வாந்தி எடுப்பதுபோல் நடிப்பது தவறாது. தறி வீட்டுப் பிள்ளை கயிற்றைக் கட்டிக்கொண்டு 'நூலு அந்துபோச்சு, முடி போடணும்' என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறது. வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளை கொலுசுக்குப் பத்தவைக்கிறது. எஸ்டேட்டிலிருந்து வரும் பிள்ளை இடுப்பில் துணிப்பை கட்டிக் காப்பிப் பழம் பறிக்கிறது, 'பச்சைய விடு, செவப்ப மட்டும்' என்று கைக்கு உத்தரவு போட்டுக்கொண்டு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துபோனால் பத்து நாளைக்குப் பூங்கரகம்தான். இதற்கெல்லாம் ஒரு கயிறும் ஒரு பையும் ஒரு சின்னக் குடமும் போதும்.

பேச்சு ஆங்கிலத்தில் இருந்தால் மட்டும் அனுமதி என்று சில கிளைகளில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன்பேச்சு வீட்டு மொழியில்தான் வரும். சேலத்துப் பிள்ளைகளுக்கு அது தமிழாக இருக்கலாம், தெலுங்காக, கன்னடமாக, சௌராஷ்டிரமாக இருக்கலாம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பேசுவது அவர்கள் மலைத் தமிழ். பெயரை வைத்து அதை மலையாள மொழி என்று நினைக்கும் ஆசிரியைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை விளையாட்டின் நடுவில் 'அப்படிச் சொல்லாத, இப்படிச் சொல்லு' என்று திருத்தினால் திருத்தம் ஏறாது, விளையாட்டு மட்டும் நின்றுவிடும்.

பெரியவர்கள் இடையில் புகுவதில் நடக்கும் தவறுகளில் இது ஒன்று. இன்னும் இரண்டு உண்டு. பிள்ளை சோறாக்கிக்கொண்டிருக்கும்போது 'இது என்ன கலர்? எத்தனை சொப்பு இருக்கு?' என்று கேட்பது. அந்த நொடியே சமையல் பரீட்சையாகிவிடும். நிமிடத்துக்கு ஒரு 'வெரிகுட்' சொல்வது. பிள்ளை தனக்காகப் பேசுவதை விட்டு நமக்காகப் பேசத் தொடங்கிவிடும். தன்பேச்சா, நம்மைக் கூப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்வது எளிது. நம்மைக் கூப்பிடும் பிள்ளை முகம் பார்க்கும், பதிலுக்குக் காத்திருக்கும். தனக்காகப் பேசும் பிள்ளையின் கண் தன் கையில் இருக்கும், பதில் வராவிட்டாலும் பேச்சு தொடரும். அப்போது பதில் சொல்லக்கூடாது. உதவ நினைக்கும் ஆசிரியை கைக்கெட்டும் தூரத்தில், பிள்ளையின் உயரத்துக்குத் தரையில் உட்காரட்டும். இரண்டு நிமிடம் சும்மா இருக்கட்டும். பிள்ளை ஒரு சொப்பை நீட்டினால் வாங்கி, வேடத்துக்குள்ளேயே ஒரே ஒரு வரி: 'டீ ரொம்பச் சூடா இருக்குதே, கண்ணு.' பிறகு எழுந்துவிடட்டும்.

சுற்றறிக்கையில் புதுமை எதுவும் இல்லை, மற்ற பள்ளிகளும் இப்படித்தான் செய்கின்றன என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னீர்கள். பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம் வைத்த மொழி நம்முடையது. மணலில் வீடு கட்டிச் சிறுசோறு சமைப்பதைப் பிள்ளையின் வளர்ச்சிப் படியாக எண்ணியவர்கள் நம்மவர்கள். இன்றைய தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 3 முதல் 8 வயதுக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022-இல் வந்தபோதும் விளையாட்டு வழிக் கல்வியையே அடிப்படையாக வைத்தது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. கட்டணம் வாங்காத அங்கன்வாடியில் கிடைப்பது, கட்டணம் வாங்கும் உங்கள் வகுப்பிலும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

டைரியில் எழுதும் உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே குறிப்புப் போன வீடுகளுக்கு, நிர்வாகத்தின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். வாசகம் இதுவே போதும்: 'உங்கள் பிள்ளை விளையாடும்போது தனக்குத்தானே பேசுவது இந்த வயதின் இயல்பு. முன்பு அனுப்பிய குறிப்பை நாங்கள் திரும்பப் பெறுகிறோம். பிள்ளையை அடக்க வேண்டாம்.' தமிழில் அனுப்புங்கள், பாட்டி தாத்தாவும் படிக்கட்டும்.

இனி எந்தப் பிள்ளையைப் பற்றியாவது கவலை இருந்தால், மேலே சொன்ன அடையாளங்களை வைத்து இரண்டு வாரம் கவனித்து எழுதிய பிறகே பெற்றோரை அழைத்து, தனியறையில், நேரில் பேசுங்கள். கவனிப்புக் குறிப்பில் தேதி, கையில் இருந்த பொருள், பிள்ளை பேசிய சொற்கள் அப்படியே, யாரை நோக்கிப் பேசியது என்ற நான்கும் இருந்தால் போதும். மூன்று மூன்று நிமிடமாக எழுதலாம். போனில் படம் எடுக்க வேண்டாம். போனைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும், பிள்ளையின் படம் எங்கே போகும் என்பதும் யாருக்கும் தெரியாது.

நட்சத்திர அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்ததைப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும்: 'விளையாடும்போது பேசலாம்' என்று ஆசிரியை தன் வாயால் சொன்னால்தான், வாயை மறைத்துப் பேசும் பிள்ளை கையை எடுக்கும்.

விளையாட்டு நேரம் மறுபடி 50 நிமிடம், இடையில் முறிக்காமல். மழை, பனி நாட்களில் மலைப்பக்கக் கிளையில் வெளியே விட முடியாதபோது அது இன்னும் கூடுதலாக இருக்கட்டும். சொப்பு மூலை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். வாங்கிவிட்ட டி.வி.யை ஆசிரியர் பயிற்சி அறைக்கு மாற்றலாம். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

ஆசிரியைகளுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சேர்த்து இரண்டு அரைநாள் பயிற்சி வையுங்கள். ஆயாம்மாக்களை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளின் பேச்சை நாள் முழுக்கக் கேட்பவர்கள் அவர்கள்தான். பயிற்சியை நடத்தித் தர எங்களில் சிலர் கட்டணமில்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இந்த மடல் கிடைத்த 15 நாளுக்குள், எந்தக் கிளையில் எது எந்தத் தேதியிலிருந்து மாறும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலின் நகல் எல்லாக் கிளைகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
மழலையர் ஆசிரியைகள், ஆயாம்மாக்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர்
சேலம் – ஏற்காடு அடிவாரம்